மறைந்த கள்ளுக்கடையும் அதன் அண்டைக் கடைகளும்: மலாயாத் தோட்டப்புற வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்

முன்னுரை

தோட்டப்புறத் தமிழர் வாழ்வை நினைவுகூரும் எழுத்துகளில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஆயாக் கொட்டகையும் விரிவாகப் பேசப்படுகின்றன. கள்ளுக்கடை மட்டும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அவ்வரியும் பெரும்பாலும் கண்டனமாகவே அமைகிறது. தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் மதுவின் தீமை பற்றிய கட்டுரைகளில் தொடங்கி, நம் ஆய்வரங்குகளில் படைக்கப்படும் கட்டுரைகள் வரை இந்நிலையே காணப்படுகிறது. கண்டனம் நியாயமானதே. ஆயினும் ஓரிடத்தைக் கண்டிப்பது அதன் வரலாற்றை எழுதுவதாகாது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் தோட்டத்து மாலைப் பொழுதின் மையமாக இருந்த ஒரு கட்டடம் எங்கே நின்றது, யார் நடத்தினர், அதை அடுத்து என்னென்ன கடைகள் இருந்தன, அது எவ்வாறு மறைந்தது என்னும் எளிய வினாக்களுக்குக்கூட நம்மிடம் முறையான விடை இல்லை.

கள்ளைப் பற்றித் தமிழில் தொன்றுதொட்டு இரு குரல்கள் ஒலித்துள்ளன. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கள் விற்கும் இடங்களில் பறந்த கொடிகளை நகரின் அழகோடு சேர்த்தே காட்டுகின்றன. திருக்குறளோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளது. மலாயாத் தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பொறுத்தவரை இரண்டாவது குரல் மட்டுமே எழுத்தில் நிலைத்தது. முதற்குரல் வாய்மொழியாக இருந்து, அதை அறிந்தவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது.

கள்ளின் இயல்பும் கடையின் இருப்பிடமும்

கள்ளுக்கடை எங்கே நின்றது என்பதை அறியக் கள்ளின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். விரியாத தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியை நாள்தோறும் காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவினால் சாறு வடியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அச்சாறு புளிக்காமல் பதநீராகிறது. தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகள் சாற்றிலுள்ள சர்க்கரையை உடனே மாற்றத் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை சாராயச் சத்து சேர்ந்துவிடும். ஒரு நாளைக் கடந்தால் புளிப்பு மிகுந்து காடியாக மாறும். பீரையோ சாராயத்தையோ போலப் புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கக்கூடிய பண்டம் அன்று அது. காலையில் இறக்கியதை அன்று மாலைக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும்.

இவ்வொரு பண்பே கடையின் இடத்தையும் நேரத்தையும் தீர்மானித்தது. மேற்குக் கரையோரத்தில் பாகான் டத்தோ, சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர், கேரித் தீவு முதலிய தென்னை விளையும் வட்டாரங்களில் கள்ளுக்குக் குறைவில்லை. உள்நாட்டு இரப்பர்த் தோட்டங்களின் நிலை வேறு. இரப்பர் மரத்திலிருந்து கள் வடியாது. ஆதலின் கடையை அடுத்தே சில தென்னைகள் இருத்தல் வேண்டும். இல்லையேல் வெளியிலிருந்து அன்றாடம் கள் வந்துசேரும் சாலையோரத்தில் கடை அமைதல் வேண்டும். களப்பணி செய்வோர் இதைக் கருத்திற்கொள்வது நலம். சுற்றிலும் செம்பனையாகிவிட்ட நிலத்தில், பழைய தோட்டச் சாலையின் முக்கில் காரணமின்றி நாலைந்து முதிய தென்னைகள் நின்றால் அவ்விடத்தைப் பற்றி விசாரிக்கலாம். ஏறுவதற்காகத் தண்டில் வெட்டிய படிகள் தென்னையில் ஆறி மூடுவதில்லை. மரம் உள்ளவரை அவையும் இருக்கும். தேங்காய் பறிக்கவும் படி வெட்டுவதுண்டு என்பதால் இதனைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது.

நேரத்தைப் பொறுத்தவரை, இரப்பர்த் தோட்டத்து வேலைமுறையும் கள்ளின் இயல்பும் வியக்கத்தக்க அளவில் பொருந்தின. விடியுமுன் பெரட்டு, குளிர்ந்த காலையில் பால்வெட்டு, வெயில் ஏறிய பின்னர்ப் பால் எடுத்து நிறுக்கும் பணி. இவை முடிந்து தொழிலாளி லயத்துக்குத் திரும்பும் பிற்பகலில்தான் காலையில் இறக்கிய கள்ளும் பதமாக இருந்தது. கடை மாலையில் கூட்டமாவதற்குத் தொழிலாளியின் சோம்பலோ நாட்டமோ மட்டும் காரணமன்று. இரு மரங்களின் நாட்கணக்கு அவ்வாறு அமைந்திருந்தது.

கள் விற்பனையைக் குடியேற்ற அரசு வருவாய்க்குரிய தொழிலாகவே தொடக்கமுதல் நடத்தியது. 19ஆம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் அபினியைப் போலக் கள்ளும் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைமுறை நீங்கிய பின்னர் உரிமமுறை வந்தது. பொதுவாக நகரங்களில் அரசின் கடைகளும், தோட்டங்களில் நிர்வாகம் உரிமம் பெற்று நடத்திய கடைகளும் இருந்தன. ஊதியம் கொடுக்கும் கையே அதைத் திரும்பப் பெறும் கடையையும் நடத்தியது என்பதே தோட்டத்துக் கள்ளுக்கடையை உலகின் மற்ற மதுக்கடைகளிலிருந்து வேறுபடுத்தும் கூறு என்பது நம் கருத்து.

அண்டைக் கடைகள்

கள்ளுக்கடை தனித்து நின்றதில்லை. அதன் அருகிலோ கூப்பிடு தொலைவிலோ மளிகைக் கடை ஒன்று இருந்தது. வடை, சுண்டல், பொரித்த கருவாடு விற்போர் வாசலில் கூடை வைத்தனர். சம்பள நாளில் துணி வியாபாரியும் வட்டிக்குக் கொடுத்தவரும் வந்து சேர்ந்தனர். முடிதிருத்துநர் ஒருவர் ஞாயிறுதோறும் மரத்தடியில் நாற்காலி போட்டார். நாம் சிறு வயதைக் கழித்த தோட்டத்தில் கள்ளுக்கடை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் பெரியவர்கள் அவ்விடத்தைக் ‘கடைப்பக்கம்’ என்றே சுட்டினர். எந்தக் கடை என்று எவரும் விளக்கியதில்லை. பிள்ளைகள் அப்பக்கம் போகலாகாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இக்கடைத்தொகுதியின் வரலாற்றுக்கு மளிகைக் கடைக்காரரின் பற்றேடே தலையாய சான்றாக அமையக்கூடும். சில தோட்டங்களில் கங்காணியே மளிகைக் கடையை நடத்தினார். வேறு சிலவற்றில் தமிழ் முஸ்லிம் வணிகரோ சீனத் தவுக்கேயோ நடத்தினர். யார் நடத்தினாலும் மாத நடுவில் அரிசியும் பருப்பும் பற்றில்தான் சென்றன. கள்ளோ காசுக்கு விற்கப்பட்டது என்றே நாம் உரையாடிய முதியவர்கள் கூறினர்.

இதன் பொருளை உணர அக்கால ஊதியத்தை நினைவிற்கொள்ள வேண்டும். 1920களின் இறுதியில், எளிதில் சென்றடையக்கூடிய வட்டாரங்களுக்கு வகுக்கப்பட்ட தரநிலை ஊதியம் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதத்தில் 25 நாள் தவறாது வேலை கிடைத்தால் ஆணுக்கு 12 வெள்ளி 50 காசும் பெண்ணுக்கு 10 வெள்ளியும் கிட்டும். 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை சரிந்தபோது இதுவும் வெகுவாகக் குறைக்கப்பட்டது; பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இத்தகைய வருவாயில் கையிலிருந்த காசு ஒரு கடைக்கும் வாராத காசு மறுகடைக்கும் உரியதாயின், பற்றேட்டில் ஏறிய தொகையின் ஒரு பகுதி உண்மையில் கள்ளுக்கடையின் கணக்கேயாகும். அது அரிசியின் பெயரில் எழுதப்பட்டது, அவ்வளவே. கணவனின் காசு எங்கே போயிற்று என்பதை மனைவியின் பற்று சொல்லிவிடும்.

எனவே பற்றேடு கிடைக்குமாயின் மொத்தத் தொகையை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுதல் கூடாது. சம்பள நாளுக்கு அடுத்த வாரத்தில் ஒரு குடும்பம் என்ன வாங்கியது, மூன்றாவது வாரத்தில் என்ன வாங்கியது, எந்தப் பொருள் முதலில் நின்றது என்று வாரவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருவிழாக் காலத்தைத் தனியே நோக்க வேண்டும். முனீசுவரருக்கும் மதுரை வீரனுக்கும் கள்ளும் சுருட்டும் படைத்தல் தோட்டத்து வழக்கம். அந்நாளில் செலவான கள்ளைக் குடிப்பழக்கத்தின் கணக்கில் சேர்த்தால் ஆய்வு பிழையாகிவிடும்.

எதிர்ப்பின் பொருள்

கள்ளுக்கடைக்கு எதிரான இயக்கத்தைச் சிலர் ஒழுக்கப் பரப்புரையாக மட்டும் காண்கின்றனர். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. காந்தியடிகளின் மதுவிலக்குக் கொள்கை மலாயாவிலும் எதிரொலித்தது. 1929இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்ததைத் தொடர்ந்து சீர்திருத்தச் சிந்தனை வேரூன்றியது. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ வெளிவரலாயிற்று. இவையனைத்தும் குடியைச் சமூக இழிவாகவே பேசின. ஆனால் தோட்டத் தொழிலாளி தன் வாயால் பேசியபோது அவர் கூறியது சற்றே வேறானது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தை நாம் யாவரும் அறிவோம். ஆர்.எச். நாதன் தலைமையில் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது ஒன்று. அது எந்தக் கோரிக்கைகளின் நடுவே நிற்கிறது என்பதே கருதத்தக்கது. சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம் வேண்டும். துரைமாரும் அவர்தம் உதவியாளரும் பெண்களிடம் முறைகேடாக நடத்தல் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும்படி வற்புறுத்தலாகாது. இவற்றோடு ஒருங்கே வைத்து நோக்கினால், கள்ளுக்கடை மூடலும் தன்மானக் கோரிக்கையே என்பது தெளிவாகும். குடி தீயது என்பதற்காக மட்டுமன்றி, குடிக்கும்படி ஒழுங்கு செய்யப்பட்ட வாழ்வை ஏற்கமாட்டோம் என்பதற்காகவும் அவர்கள் கடையை மூடச் சொன்னார்கள். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் படை இறக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கடைகள் மூடப்படவில்லை.

போருக்குப் பின்னர்க் கெடாவில் எழுந்த தொண்டர் படை இதே உணர்வின் தொடர்ச்சியாகும். பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் உருவான இப்படை, இந்திய தேசிய இராணுவத்தில் பெற்ற அணிவகுப்புப் பழக்கத்தையும் கட்டுப்பாட்டையும் தோட்டத்துக்குள் கொண்டுவந்தது. இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர், குடிப்போரைத் தடுத்தனர், சில நேரம் வன்மையாகவும் தடுத்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. 1947இல் பீடோங் வட்டாரத்தில் காவல் துறையினருடன் மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. இயக்கம் விரைவில் ஒடுக்கப்பட்டது.

தோட்ட நிர்வாகத்தின் வாதங்களையும் இங்குக் குறிப்பிடுதல் முறையாகும். புதிய கள் சத்துள்ளது. அதை மூடினால் தொழிலாளி அதனினும் கொடிய கள்ளச் சாராயத்தை நாடுவான். கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது. இம்மூன்றும் மீண்டும் மீண்டும் கூறப்பட்டன. முதல் இரண்டில் ஓரளவு உண்மை உண்டு. சம்சுவோடு ஒப்பிடக் கள் மென்மையானது என்பதைப் பிற்கால வரலாறு மெய்ப்பித்தது. மூன்றாவதுதான் வேடிக்கையானது. தொழிலாளியின் பணத்தைக் கள்ளுக்கடையில் பெற்று, அதில் ஒரு பங்கை அவனுக்கே நன்கொடையாகத் திருப்பித் தருவதை நலத்திட்டம் என்பது, பால் கறந்த பசுவுக்கு அதே பாலில் ஒரு கரண்டி ஊட்டுவதைப் போன்றது. பல ஆண்டுகள் தமிழனைக் குடிகாரன் என்று பழித்த தோட்ட முதலாளிகளுக்குக் குடியை நிறுத்த அணிவகுத்து வந்த தமிழன்தான் ஆபத்தானவனாகத் தோன்றினான் என்பதையும் மறத்தலாகாது.

கடைகள் மறைந்த விதம்

கிள்ளான் வேலைநிறுத்தத்தாலும் பீடோங் மறியலாலும் மூடப்படாத கடைகள் பின்னர் எவ்வாறு மறைந்தன? இவ்வினாவை நம் மாணவர்களிடம் கேட்கும்போதெல்லாம் கல்வி வளர்ந்ததால் என்ற விடையே கிடைக்கிறது. அவ்விடை முற்றும் தவறன்று. ஆனால் வரிசை மாறியுள்ளது. குடிப்பவர் திருந்தியதால் கடை மூடியதைவிட, தோட்டம் இல்லாமற் போனதால் கடை மூடியதே மிகுதி.

1950களில் பிரித்தானிய உடைமையாளர் பலர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். 1951 முதல் 1960 வரையிலான இத்துண்டாடலைப் பற்றி உங்கு அப்துல் அஜிஸ் நடத்திய ஆய்வு இன்றும் படிக்கத்தக்கது. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இதன் எதிர்வினையே. துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயம் இல்லை. லயம் இல்லாத இடத்தில் மாலைக் கூட்டம் இல்லை. 1969க்குப் பின்னர் குடியுரிமையற்றோருக்கு வேலை உரிமச் சீட்டு கட்டாயமானபோது, பல்லாண்டு உழைத்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தமிழகம் திரும்பினர். இரப்பருக்கு மாற்றாகச் செம்பனை வந்தது. அதற்குத் தேவைப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை குறைவு. நகரங்களும் தோட்டங்களை விழுங்கின. பெட்டாலிங் ஜெயா எஃபிங்காம் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரித்தானியர் 1921இல் தொடங்கிய பிராங் புசார் தோட்டம் இன்று புத்ராஜெயாவாகியுள்ளது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் அடுக்ககங்களுக்கு மாற்றப்பட்டன.

கடை மறைந்ததோடு குடி மறையவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. கள்ளுக்கடை இருந்த இடத்தை அண்டையிலிருந்த மளிகைக் கடையே ஒருவகையில் எடுத்துக்கொண்டது. சிறு புட்டிகளில் அடைத்த மலிவான சம்சு அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே விற்கப்படலாயிற்று. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இதற்கெதிராகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. கள் ஒரு நாளில் கெட்டுவிடும், மாலையில் தீர்ந்துவிடும், குடிக்க வேண்டுமாயின் பலர் முன்னிலையில் ஒரே கூரையின்கீழ் அமர வேண்டும். சம்சுவோ கெடாது, தீராது, சட்டைப் பைக்குள் அடங்கும், தனியே குடிக்கத்தக்கது. முன்னர்க் காசுக்கு மட்டும் கிடைத்த மது இப்போது பற்றிலும் கிடைத்தது. பழைய கள்ளுக்கடையை நாம் போற்றவில்லை. ஆனால் அதன் மறைவைச் சீர்திருத்தத்தின் வெற்றியாகப் பாடநூலில் எழுதுவதற்குமுன் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் நலம்.

தடங்களைத் தேடுதல்

எழுத்துச் சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள், தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகள், 1920களிலிருந்து மலாயாவில் பணியாற்றிய இந்திய அரசு முகவரின் அறிக்கைகள் ஆகியவை முதலில் பார்க்கத்தக்கவை. ‘தமிழ் முரசு’ பழைய இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. 1924 முதல் வெளிவந்து 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேச’னின் பழைய இதழ்களையும் தேடிப் படித்தல் வேண்டும். ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் தங்கி எழுதி, 1970இல் வெளியிட்ட நூல் அன்றாட வாழ்வை அறிய உதவும்.

இவற்றைப் படிக்கையில் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அதிகாரி வருவாய்க்காக எழுதினார். நிர்வாகி தம் கடையைக் காக்க எழுதினார். சீர்திருத்தக்காரர் கடையை மூட எழுதினார். கடைக்குள் அமர்ந்தவரும் அடுத்த கடையில் அரிசிக்குப் பற்று வைத்தவரும் எழுதவில்லை. அவர்களுள் எஞ்சியோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். இன்னும் பத்தாண்டுகள் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆளில்லை.

கேட்கும் முறையிலும் கவனம் தேவை. தாத்தா, நீங்கள் கள்ளுக்கடைக்குப் போனதுண்டா என்று நேரே கேட்டால், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை என்ற விடைதான் வரும். நமக்குப் பலமுறை வந்தது. நாமே கற்பித்த கண்டனம் அவ்வாறு பேசவைக்கிறது. பாட்டிமாரைத் தனியே கேட்டல் இன்றியமையாதது. அவர்களிடம் கோபம் இருக்கும், கணக்கும் இருக்கும். சில ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு இத்தகைய நேர்காணலைச் செய்ய முனைந்துள்ளனர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. குடித்தீர்களா என்று தொடங்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, கடை எங்கே இருந்தது, வாசல் லயத்தைப் பார்த்திருந்ததா சாலையைப் பார்த்திருந்ததா, மளிகைக் கடை அதற்கு எந்தப் பக்கம் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். அப்பக்கமே போகாதவர் என்று சொன்ன ஒரு பெரியவர் நம்மிடம் வாசலை வரைந்தார்; பிறகு பலகையை வரைந்தார்; கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்த இடத்தையும், தம் தந்தை வழக்கமாக அமர்ந்த மூலையையும் வரைந்தார். தாளின் ஓரத்தில் மளிகைக் கடையை வரைந்து, அதன் வாசலில் ஒரு புள்ளி வைத்து, அம்மா அங்கேதான் நிற்பார்கள் என்றார்.